போர்ட்லாந்தில் ஒரு குடும்ப உணவு வண்டி: இக்காலப் பிலிப்பினோ-அமெரிக்கச் சமையலுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் உணவு வண்டி என்றால் தெருத்தெருவாகத் தள்ளிச் செல்லும் வண்டி அன்று. தனியாருக்குச் சொந்தமான வெற்று மனை ஒன்றில் பல வண்டிகள் வரிசையாக நிற்கும். நடுவில் மேசைகளும் மழைக்கு ஒரு கூரையும் இருக்கும். இத்தகைய திடலை அங்கே ‘பாட்’ என்று அழைக்கிறார்கள். முழு உணவகம் திறக்கத் தேவைப்படும் மூலதனத்தில் சிறு பங்கே போதும் என்பதால், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுச் சமையல் தொழிலாக மாறும் முதல் இடமாக இந்த வண்டிகள் அமைந்திருக்கின்றன. பிலிப்பினோ-அமெரிக்கச் சமையலை அப்படியொரு வண்டியில் நடத்த விரும்பும் குடும்பம் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

வரிசை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரும்பாலானோர் முதலில் வண்டியை வாங்கிவிட்டு, அதன் பிறகு அதில் என்ன சமைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். என் உறுதியான கருத்து இதற்கு நேர்மாறானது. உணவுப் பட்டியலை முதலில் எழுத வேண்டும். உரிமத்தின் வகை, வண்டியின் அளவு, மின்சாரத் தேவை, தண்ணீர்த் தொட்டி, வண்டிக்கு வெளியே முன்தயாரிப்புக்காக வாடகைக்கு எடுக்கும் சமையற்கூடம் ஆகிய அனைத்தையும் அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது.

முதற்படி: எந்தச் சமையல் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல்

பிலிப்பினோ-அமெரிக்கச் சமையல் என்பது மணிலாவின் உணவை அப்படியே கொண்டுவந்து வைப்பது அன்று. அமெரிக்க உணவில் சிறிது சோயாவும் வினிகரும் தெளிப்பதும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பண்ணைகளுக்கும் அலாஸ்காவின் சால்மன் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் வேலைக்கு வந்த பிலிப்பினோ ஆண்கள், கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு தங்கள் ஊர்ச் சுவையை மீட்டெடுத்த நாள்களில் இந்தச் சமையல் தொடங்கியது. 1934ஆம் ஆண்டின் டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டம் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறுவோரின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கியது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகுதான் செவிலியர்களும் பிற பணியாளர்களும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். இன்று வண்டி நடத்துவோரில் பலர் அந்தக் குடும்பங்களில் பிறந்து, வீட்டில் வினிகரிலும் சோயா சாஸிலும் வேகவைத்த இறைச்சியான அடோபோவும் பள்ளியில் ஹாம்பர்கரும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இரண்டும் சொந்த உணவுதான்.

இந்தக் கலப்பு அமெரிக்க மண்ணில் மட்டும் நிகழவில்லை என்பதற்கு சிசிக் என்னும் உணவே சான்று. பம்பாங்கா மாகாணத்தின் அஞ்சலஸ் நகரை ஒட்டியிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் பன்றித் தலைகள் பயன்படாமல் ஒதுக்கப்பட்டு மலிவாகக் கிடைத்தன. அவற்றை வேகவைத்து, அனலில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயமும் கலமான்சி எலுமிச்சையும் சேர்த்து 1970களில் புகழ்பெறச் செய்தவர் அலிங் லூசிங் என்று அழைக்கப்பட்ட லூசியா குனானன். வாழைப்பழக் கெட்சப்பை உருவாக்கிய உணவு அறிவியலாளர் மரியா ஒரோசா, போர்ட்லாந்துக்கு வடக்கே சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர். 1945இல் மணிலாப் போரில் உயிரிழந்தார். வண்டியில் நிற்பவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். ‘இது என்ன உணவு?’ என்று வாடிக்கையாளர் ஒரு நாளில் முப்பது முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் இரண்டே வாக்கியங்களில் உண்மையான விடை தரத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: உணவுப் பட்டியலை எழுதுதல்

வண்டிக்குள் இரண்டு அல்லது மூன்று பேர்தான் நிற்க முடியும். ஆகவே ஐந்து அல்லது ஆறு உணவுகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் பாதி, முன்கூட்டியே சமைத்துச் சூடாக வைத்திருந்து அள்ளிப் பரிமாறத்தக்கவையாகவும், மறுபாதி, கேட்டவுடன் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கத்தக்கவையாகவும் இருக்க வேண்டும். அத்தனையும் கேட்டபின் சமைப்பவையாக இருந்தால் மதிய நேரத்தில் வரிசை நகராது. அத்தனையும் முன்பே சமைத்தவையாக இருந்தால் தட்டில் மொறுமொறுப்பும் கரிந்த மணமும் இருக்காது.

முதல் வகைக்கு அடோபோவை விடச் சிறந்தது இல்லை. ஒரு கிலோ கோழித் தொடைக்கு 120 மில்லி வினிகர், அதே அளவு சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு, மூன்று பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி முழுமிளகு என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. வினிகர் கொதித்துக் காரம் அடங்கும் வரை கிளறக் கூடாது என்பது பிலிப்பினோப் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவரும் விதி. அடோபோ மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும் என்பது சமையற்காரருக்குக் கிடைத்த பெரும் வரம். தேங்காய்ப்பால் சேர்த்தால் அது ‘அடோபோ சா கட்டா’ ஆகிறது. வினிகரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துச் செய்யும் வினிகரும் கரும்பு வினிகரும் வெள்ளை வினிகரை விட மென்மையானவை. இலங்கையில் தென்னங்கள் வினிகரைக் கொண்டு அச்சாறு போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகைக்குச் சிசிக் பொருந்தும். வேகவைப்பதையும் சுடுவதையும் நறுக்குவதையும் சமையற்கூடத்தில் முடித்துக் குளிர்வித்து வைத்துவிட்டு, வண்டியில் கேட்பவருக்கு ஏற்பச் சூடான தகட்டில் நான்கு நிமிடம் வறுத்து, கலமான்சி பிழிந்து தரலாம். சிசிக்கைப் புரிட்டோ என்னும் மெக்சிகோ ரொட்டிச் சுருளுக்குள் சுற்றியும் உருளைக்கிழங்கு வறுவலின் மேல் கொட்டியும் கொடுக்கும் வழக்கம் கலிபோர்னியாவில் வேரூன்றியது. 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் வண்டியாகத் தொடங்கிய சென்யோர் சிசிக் அதற்குப் பெயர்பெற்றது. போர்ட்லாந்தில் இறைச்சி உண்ணாதோர் பலர் என்பதால், காளானிலும் டோஃபுவிலும் செய்த சிசிக்கைத் தொடக்கத்திலிருந்தே பட்டியலில் வைப்பது நல்லது. அதில் பாட்டிஸ் எனப்படும் மீன் சாற்றைச் சேர்க்கக் கூடாது என்பதை வண்டியிலுள்ள ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

விரல் பருமனே இருக்கும் லும்பியாங் ஷாங்காய் உருளைகள் பிள்ளைகளையும் புதியவர்களையும் ஈர்க்கும். மெல்லிய மாவுத் தாளில் பச்சை இறைச்சியை வைத்துச் சுருட்டி உறையவைத்து, உறைந்த நிலையிலேயே 175 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் பொரித்து எடுக்கலாம். கரே-கரே என்னும் நிலக்கடலைக் குழம்பு மழைக்காலத்துக்கு உகந்தது. மாட்டு வாலின் விலை கட்டுப்படியாகாத மாதங்களில் கால்கறியைப் பயன்படுத்தினாலும் குழம்பின் பசைத்தன்மை குறையாது. புளிச் சாறான சினிகாங்கையும் குளிர்காலத்துக்கென ஒதுக்கி வைக்கலாம். அங்கே பழுக்காத பச்சைப் புளியங்காயைப் பயன்படுத்துவதால், நம் ரசத்தின் பழுத்த புளிப்பிலிருந்து அது வேறுபட்டுக் கூர்மையாகவும் இலேசாகவும் இருக்கும்.

இனிப்புக்கு ஊபே போதும். அது வேறு எதுவும் அன்று; யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சும் அதே இராசவள்ளிக்கிழங்குதான். துருவி உறையவைத்த கிழங்கு அமெரிக்காவின் ஆசியக் கடைகளில் கிடைக்கிறது. பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறி ‘ஹலாயா’ செய்து, அதைக் கொண்டு குக்கிகளோ மென்மையான சிறு கேக்குகளோ செய்யலாம். நிறத்துக்காகச் சாயம் கலந்த எசன்ஸை மட்டும் நம்பினால் கிழங்கின் மணம் இருக்காது.

மூன்றாம் படி: கைப்பக்குவத்தை எடைக்கு மாற்றுதல்

பிலிப்பினோ வீடுகளில் இதைத் ‘தந்த்யா’ என்பார்கள். நாம் கண்ணளவு என்போம். பாட்டி சமைக்கும்போது அருகில் தராசை வைத்து, அவர் கையில் எடுக்கும் ஒவ்வொன்றையும் பானைக்குள் போடுவதற்கு முன் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று முறை நிறுத்து, மூன்றின் சராசரியை எடுத்து, அந்த அளவில் வேறொருவர் சமைத்துப் பாட்டிக்குக் கொடுக்க வேண்டும். அவர் சுவைத்து ஒப்புக்கொண்ட அளவே வண்டியின் அளவு. எனக்கு இந்தப் படி மிக முக்கியமானதாகப் படுகிறது. பாட்டி உடல்நலம் குன்றிய ஒரு வாரத்தில் வண்டி மூடிக் கிடக்காமல் காப்பதும், அவருக்குப் பின் அந்தச் சுவையை வீட்டில் நிலைக்க வைப்பதும் இந்தக் குறிப்பேடுதான்.

நான்காம் படி: உரிமமும் ஆவணங்களும்

போர்ட்லாந்தின் பெரும்பகுதி மல்ட்னோமா மாவட்டத்தில் அடங்கும். அங்கே உணவு வண்டிக்கு உரிமம் தருவது மாவட்டச் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. ஓரிகன் மாநிலம் நடமாடும் உணவகங்களை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. முதல் வகை, மூடிய பொட்டலங்களை மட்டும் விற்பது. இரண்டாம் வகையில் உணவை எடுத்துப் பரிமாறலாம், ஆனால் சமைக்கவோ தயாரிக்கவோ கூடாது. மூன்றாம் வகையில் சமைக்கலாம், ஆனால் பச்சை இறைச்சியை வண்டியில் வேகவைக்கக் கூடாது. நான்காம் வகையில் முழுச் சமையலும் செய்யலாம். இப்போது பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அடோபோவும் சிசிக்கும் சமையற்கூடத்திலேயே வெந்து வருவதாக இருந்தால் மூன்றாம் வகை போதுமானதாகத் தோன்றலாம்; ஆனால் பச்சை இறைச்சி வைத்த ஒரே ஒரு லும்பியாவை வண்டியில் பொரித்தாலும் நான்காம் வகை தேவை.

வண்டியை வாங்குவதற்கும் கட்டுவதற்கும் முன்பே வரைபடம், பட்டியல், சாதனங்களின் விவரம், சமையற்கூட ஒப்பந்தம் ஆகியவற்றை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துத் திட்ட ஒப்புதல் பெற வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து மலிவாக வாங்கி வந்த வண்டி இங்குள்ள விதிகளுக்கு ஒத்துவராமல் போனால், கைகழுவும் தொட்டியை மாற்றவும் கழிவுநீர்த் தொட்டியைப் பெரிதாக்கவும் ஆகும் செலவு, மிச்சம் பிடித்ததாக எண்ணிய பணத்தை விழுங்கிவிடும். உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிவதால், நவம்பரில் திறப்பதை விட ஜனவரிக்குப் பின் உரிமம் எடுத்து வசந்தகாலத்தில் திறப்பது கட்டணத்துக்கும் வியாபாரத்துக்கும் உகந்தது.

வண்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், அவர் உரிமையாளரின் தாயாகவே இருந்தாலும், உணவு கையாள்வோர் அட்டை வைத்திருக்க வேண்டும். அதன் கட்டணம் 10 டாலர். அட்டை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். வேலையில் சேர்ந்த 30 நாள்களுக்குள் பெற வேண்டும். நிறுவனத்தை வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனமாக ஓரிகன் மாநிலச் செயலரிடம் பதிவு செய்ய 100 டாலர் ஆகும். நகர, மாவட்ட வணிக வரிகளுக்கும் பதிந்துகொண்டு, பொறுப்புக் காப்பீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது என்பதால், பலகையில் எழுதிய விலையே வாடிக்கையாளர் கொடுக்கும் விலை.

ஐந்தாம் படி: வண்டி, மின்சாரம், நெருப்பு

வண்டியின் சக்கரங்களைக் கழற்றக் கூடாது. அது எப்போதும் நகரத்தக்கதாக இருக்க வேண்டும். மின்சாரக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே சாதனங்களை வாங்க வேண்டும். 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு தருவது 3,600 வாட் மட்டுமே. ஒரு பெரிய சோற்று குக்கர், குளிர்சாதனப் பெட்டி, புகைபோக்கியின் விசிறி, தண்ணீர்ச் சூடேற்றி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். 240 வோல்ட், 50 ஆம்பியர் இணைப்பு 12,000 வாட் தரும். ஆகவே தகடும் பொரிப்பானும் புரொப்பேன் வாயுவில் இயங்கட்டும். சோறும் குளிரூட்டலும் மின்சாரத்தில் இருக்கட்டும்.

எண்ணெயில் பொரிக்கும் வண்டியில் புகைபோக்கிக்குள் தானாக அணைக்கும் ஈரவேதிப் பொருள் அமைப்பும், சமையல் எண்ணெய்த் தீக்கென உரிய கே வகை அணைப்பானும் இருக்க வேண்டும். பயன்படுத்திய எண்ணெயையும் கொழுப்பையும் மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது. சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆறாம் படி: பாட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

வாடகையை மட்டும் பார்க்காமல், அதில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் அகற்றல், கழிப்பறைப் பராமரிப்பு ஆகியவற்றில் எவையெவை அடங்கும் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியமும், ஒரு வெள்ளிக்கிழமை மாலையும், மழை பெய்யும் ஒரு நாளும் அங்கே போய் அமர்ந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூடிய கூரையும் வெப்பமூட்டியும் இல்லாத பாட் திடலில் அக்டோபர் முதல் மே வரை வியாபாரம் இளைத்துவிடும். நிலம் உங்களுடையது அன்று என்பதையும் மறக்க வேண்டாம். நகரின் நடுவே பல்லாண்டுகள் புகழோடு இருந்த ஆல்டர் தெருத் திடல், உயரமான ஹோட்டல் கட்டடம் ஒன்றுக்காக 2019இல் காலி செய்யப்பட்டது. ஆகவே வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு தரப்படும் என்பதை ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும்.

ஏழாம் படி: சமையற்கூடமும் வெப்பநிலையும்

வீட்டு அடுப்பில் சமைத்ததை வண்டியில் விற்க முடியாது. குடும்பத் தொழிலில் இந்த விதி பலருக்கு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தைமாரும் பிள்ளைகளும் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து நூற்றுக்கணக்கில் லும்பியா சுருட்டுவது பிலிப்பினோ வீடுகளின் இனிய வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. உரிமம் பெற்ற வாடகைச் சமையற்கூடத்துக்கு அதை இடம் மாற்றினால் போதும்.

வெப்பநிலைக் கணக்கு இதுதான். குளிரில் வைப்பவை 5 டிகிரி செல்சியஸ், அதாவது 41 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சூட்டில் வைப்பவை 57 டிகிரி, அதாவது 135 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும். சமைத்ததைக் குளிர்விக்கும்போது 57இலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். பெரிய பானை அடோபோவை அப்படியே குளிர்பெட்டிக்குள் வைத்தால் நடுப்பகுதி ஆறாது. ஆழமில்லாத தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குமேல் போகாதபடி பரப்பி, மூடாமல் ஆறவிட வேண்டும். மீண்டும் சூடேற்றும்போது 74 டிகிரியை எட்ட வேண்டும். கோழி வேக 74 டிகிரி, அரைத்த பன்றி இறைச்சி வைத்த லும்பியா வேக 68 டிகிரி.

சோறுதான் அதிகக் கவனம் கேட்கிறது. சினங்காக் என்னும் பூண்டுச் சோற்றுக்கு முந்தைய நாள் சோறு வேண்டும். புதிய சோறு தகட்டில் குழைந்துவிடும். ஆனால் அறை வெப்பத்தில் இரவெல்லாம் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்த நச்சு அழியாது.

ஒவ்வாமைப் பட்டியலைச் சாளரத்தருகே ஒட்டி வைக்க வேண்டும். எள் சேர்க்கப்பட்ட 2023 முதல் அமெரிக்கச் சட்டம் ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடுகிறது. இந்தச் சமையலில் அவற்றில் பல ஒளிந்திருக்கின்றன: கரே-கரேயில் நிலக்கடலை, பகோங் என்னும் புளிக்கவைத்த விழுதில் இறால், பாட்டிஸில் மீன், சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும். கரே-கரே விற்கும் வண்டியில் கரண்டிகளைத் தனித்தனி நிறத்தில் வைத்திருப்பது என் பார்வையில் கட்டாயம்.

எட்டாம் படி: விலை நிர்ணயம்

பொருளுக்கும் பொட்டலத்துக்கும் ஆகும் செலவு விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடுத்துக்காட்டாக, 15 டாலர் தட்டுக்குப் பொருள் செலவு 5 டாலர், வாடிக்கையாளர் வங்கி அட்டையில் செலுத்துவதற்கான கட்டணம் சுமார் 50 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 9.50 டாலர் மிஞ்சும். வாடகை, சமையற்கூடம், வாயு, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 3,000 டாலர் ஆகுமானால், 316 தட்டுகள் விற்ற பிறகே குடும்பத்தில் எவருக்கும் கூலி என்று ஒன்று பிறக்கும். மாதம் 20 நாள் திறந்தால் நாளொன்றுக்கு 16 தட்டுகள். இந்தக் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு ஒவ்வொரு மாதமும் புதிதாகப் போட வேண்டும். நுரைப் பெட்டிகளை ஓரிகன் முழுவதும் 2025 தொடக்கத்திலிருந்து தடைசெய்துவிட்டதால், காகிதப் பெட்டியின் விலையையும் இதில் சேர்க்க வேண்டும்.

பிலிப்பினோ உணவு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் குடும்பத்துக்குள்ளேயே எழும். அதற்குப் பணிய வேண்டாம். ஆறு மணி நேரம் வெந்து, சுடப்பட்டு, கையால் நறுக்கப்பட்ட சிசிக்கை எந்த நாட்டு உணவுக்கும் குறைந்த விலையில் விற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. போர்ட்லாந்தில் மேக்னா குசினா உணவகத்தை 2019இல் திறந்த சமையற்கலைஞர் கார்லோ லமக்னா, 2021இல் ஃபுட் அண்ட் வைன் இதழின் சிறந்த புதிய சமையற்கலைஞர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தச் சமையலுக்கு அந்த நகரில் மதிப்பு இருக்கிறது.

ஒன்பதாம் படி: குடும்பத்துக்குள் வேலைப் பங்கீடு

சாளரத்தில் ஒருவர், தகட்டில் ஒருவர், பின்னணி வேலைக்கு ஒருவர் என்று பிரித்து, எவர் எந்த முடிவை எடுப்பார் என்பதை எழுதி வைக்க வேண்டும். உறவினருக்கும் கூலியை நேரக் கணக்கில் கொடுத்துவிடுவது உறவைக் காக்கும். வெளியாள் ஒருவரை வேலைக்கு வைத்தால், வாடிக்கையாளர் அவருக்குத் தரும் அன்பளிப்பில் உரிமையாளர் பங்கு எடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அன்பளிப்பைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கவும் ஓரிகனில் இடமில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை மின்சார இறைச்சி வெட்டும் இயந்திரத்தின் பக்கம் விடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் முழுமையாக மூடுங்கள்.

பத்தாம் படி: திறப்பும் பருவங்களும்

முதல் வாரம் மூன்று உணவுகள் மட்டும், நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும், விளம்பரமின்றித் திறந்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மீந்து திரும்பும் தட்டுகளையும் பார்க்க வேண்டும். சோறு மட்டும் மீந்தால் குழம்பு குறைவு, குழம்பு மீந்தால் புளிப்போ உப்போ மிகை. கோடையில் கூட்டம் பெருகும்போது வெப்பமும் பெருகும். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 46.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. தகரக் கூரையின் கீழ் தகடும் பொரிப்பானும் எரியும் வண்டிக்குள் அந்த வெப்பம் உயிருக்கே ஆபத்தானது. எந்த வெப்பநிலைக்கு மேல் வண்டியைத் திறப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால், அந்தக் காலையில் வருமானத்தை எண்ணித் தடுமாற நேராது. குளிர்காலத்தில் உறைபனி விழும் இரவுகளில் தண்ணீர்க் குழாய்களை வடித்து வைக்க வேண்டும்.

ஒவ்வோர் இரவும் மூடும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வாயுவை அணைத்து, தகட்டைச் சுரண்டி, எண்ணெயை வடிகட்டுங்கள். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கழிவுநீரை உரிய இடத்தில் சேர்த்துவிட்டு வாருங்கள். மீந்த சோற்றைச் சூடு இருக்கும்போதே ஆழமில்லாத தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, நேரத்தை ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டிக் குளிரூட்டுங்கள். மறுநாள் காலை முதல் தட்டுக்கான சினங்காக் அதிலிருந்துதான் வர வேண்டும்.